'ம்' சொல்லுங்க... பல் விலகட்டும்!

இரவு பத்தரை மணி. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். பால் டம்ளரை வைக்கப் போன நான், அவள் கன்னத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். காது மடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், சதை ஓர் உருண்டையாக எழும்புகிறது. அடங்குகிறது. மறுபடி எழும்புகிறது.

"எதையாவது மெல்றியா?"

"இல்லையே."

"அப்ப பல்லைக் கடிக்கிறியா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "எங்க கடிச்சாலும் பல்லு உட்கார மாட்டேங்குதும்மா" என்றாள்.

பல்லுக்குக் கம்பி கட்டி அப்போது மூன்றாவது மாதம். அதற்குள் கீழ்ப்பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் இரண்டு முறை கழன்றுவிட்டது. முதல் தடவை, 'தட்டை சாப்பிட்டிருப்பே' என்று திட்டினேன். இரண்டாவது தடவை திட்ட வழியில்லை. அந்த வாரம் முழுக்க இட்லியும் ரசம் சாதமும்தான் அவள் சாப்பாடு.

கழன்றதை ஒட்டி முடித்த பல் டாக்டர், நாங்கள் எழுந்திருக்கும்போது மகளிடம் ஒரு கேள்வி கேட்டார். "சும்மா உட்கார்ந்திருக்கும்போது உன் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி இருக்கும்?" அவள் வாயை மூடி, பல்லோடு பல்லைச் சேர்த்துக் காட்டினாள். "அப்படி இருக்கவே கூடாது. சாப்பிடும்போது, எச்சில் முழுங்கும்போது தவிர ரெண்டும் தொடவே கூடாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிமிடம் என் பற்களும் ஒட்டித்தான் இருந்தன. நாற்பத்தாறு வயது வரை, வாயை மூடுவது என்றால் பல்லையும் சேர்த்து மூடுவது என்றே நினைத்திருந்தேன். இந்த வரியைப் படிக்கிற இந்த நொடியில், உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன?

தாடை இளைப்பாறும் இடம்

நிமிர்ந்து உட்கார்ந்து, உதடுகளை லேசாக மூடி, தாடையைத் தளர விட்டால், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதுதான் தாடை இளைப்பாறும் நிலை. கீழ்த்தாடை கீழே தொங்கிவிடாமல் தாங்க, தசைகள் மிகச் சிறிதளவே வேலை செய்கின்றன. நாக்கு மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அழுத்தாமல் ஒட்டி நிற்கிறது. மூச்சு மூக்கு வழியே போய்வருகிறது.

சாப்பிடுவது, விழுங்குவது எல்லாவற்றையும் கூட்டினாலும், 24 மணி நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உண்மையில் தொடும் நேரம் சுமார் 20 நிமிடம்தான். மெல்லும்போதுகூட பெரும்பாலான நேரம் இடையில் சாப்பாடு இருக்கிறது. பேசும்போது 'ச' போன்ற ஒலிகளுக்குப் பற்கள் மிக நெருங்கி வருகின்றன, ஆனால் தொடுவதில்லை. மீதி நேரமெல்லாம் பற்களுக்கு ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில் பற்களைச் சேர்த்தே வைத்திருந்தால், கன்னத்துத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் நாள் முழுக்க ஓவர்டைம் பார்க்கின்றன. நறநறவென்று கடிக்க வேண்டும் என்றில்லை. லேசாகத் தொட்டபடி மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் தசை ஓய்வதில்லை.

ஜப்பானியப் பல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'பல் தொடும் பழக்கம்'. பல்லை அரைப்பது ஒரு பழக்கம், இறுகக் கடிப்பது ஒரு பழக்கம், சும்மா தொட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பழக்கம் என்று பிரித்துப் பார்த்தது பெரிய உதவி. ஏனென்றால் 'நீங்க பல்லைக் கடிப்பீங்களா?' என்று கேட்டால் நம்மில் அநேகம் பேர் இல்லை என்போம். 'உங்க பல்லு தொட்டுக்கிட்டு இருக்கா?' என்று கேட்டால்தான் பதில் மாறும்.

உட்கார இடம் தேடும் பல்

கம்பி கட்டியவர்களுக்கு ஏன் இது கூடுதல் சிக்கல்? மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருக்கிறது. 'எங்க கடிச்சாலும் உட்கார மாட்டேங்குது.'

சிறு வயதிலிருந்து நம் கடைவாய்ப்பற்களின் மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று போய் அமர்ந்து பழகியிருக்கின்றன. தெத்துப்பல்லோ எத்துப்பல்லோ, அந்த வாய்க்கு அது பழகிய கடி. கம்பி போட்ட சில வாரங்களிலேயே அந்தப் பழகிய பொருத்தம் கலையத் தொடங்குகிறது. ஒரு பல் திரும்புகிறது, இன்னொன்று சாய்கிறது, வேறொன்று மேலே ஏறுகிறது. நேற்று பள்ளத்தில் போய் அமர்ந்த மேடு, இன்று இன்னொரு மேட்டின் உச்சியில் போய் இடிக்கிறது. ஆழமாகக் கடிப்பவர்களுக்குக் கடைவாய்ப்பல்லின் மேலோ, மேல் முன்பற்களின் பின்புறமோ சின்ன மேடு ஒன்றை ஒட்டியும் அனுப்புவார்கள், கீழ் பிராக்கெட்டில் மேல்பல் இடித்து அது கழன்று விழாமலிருக்க. அப்போது வாயை மூடினால் இரண்டே இடத்தில்தான் பல் படும், மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லைத் தாங்கும் மெத்தை அது, தொடு உணர்வும் அதில்தான். சாதத்தில் ஒற்றைத் தலைமுடி கிடந்தாலும் பல்லில் பட்டதும் தெரிகிறதே, அந்த நுட்பம் இந்தப் படலத்தால் வருவது. இவ்வளவு கூர்மையான உறுப்புக்குத் தினம் ஒரு புது வரைபடம் கொடுத்தால் என்ன ஆகும்? தாடை போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. இங்கே பொருந்துமா, கொஞ்சம் முன்னால் தள்ளினால் பொருந்துமா, இடது பக்கம் நகர்த்தினால்? வீடு மாறிய முதல் வாரம் இருட்டில் சுவிட்சைத் தேடித் தடவும் கை மாதிரி. தேடல் பழக்கமாகிறது, பழக்கம் கடியாகிறது.

இதைப் பற்றி இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று முக்கியமானது. 2005-ல் வெளியானது. நல்ல ஆரோக்கியமான இளம்பெண்களின் கீழ்க் கடைவாய்ப்பல்லில், கடிக்கும்போது இடறும்படி மெல்லிய தங்கத் தகடு ஒன்றை ஒட்டினார்கள். கன்னத்துத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கருவி வைத்து அவர்களின் அன்றாட வாழ்க்கைக்கு நடுவிலேயே பதிவு செய்தார்கள். தசையின் வேலை கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்தது. இடறலைத் தவிர்க்கத் தாடை தானே விலகிக்கொண்டது. அதே குழுவினர் 2012-ல், அதேபோல் தகடு ஒட்டி, பகலில் பல் கடிக்கும் பழக்கம் அதிகம் உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். பழக்கம் உள்ளவர்களிடம் தசை அப்படி அடங்கவில்லை, உறுத்தலும் அவர்களுக்கே அதிகம்.

கம்பி எல்லோரையும் பல் கடிப்பவர்களாக மாற்றிவிடுவதில்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குப் புரிந்தது. பெரும்பாலோர் ஓரிரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். ஆனால் படிக்கும்போதும், போனைப் பார்க்கும்போதும், கோபத்திலும் ஏற்கெனவே பல்லைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு, கம்பி அந்தப் பழக்கத்தைக் கிளறிவிடுகிறது. யார் அந்தப் பிள்ளை என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில்லை.

கம்பி கட்டும் மருத்துவத்தின் பார்வை கடியின் மேல்தான். அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள், மேல் முதல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்து 1899-ல் வகுத்த பிரிவுகள்தான் இன்றும் நம் பிள்ளைகளின் சிகிச்சைச் சீட்டில் எழுதப்படுகின்றன. நூறு ஆண்டுக்கு மேலாக, பற்கள் சேரும் அந்த 20 நிமிடத்தை நுணுக்கி நுணுக்கி அளந்திருக்கிறார்கள். மீதி 23 மணி 40 நிமிடம் பல் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கம்பி கட்ட வரும் குடும்பத்துக்குச் சொல்ல ஆளில்லை. இது குறை என்றே எனக்குப் படுகிறது.

கடித்தால் என்ன ஆகும்?

பயமுறுத்த வேண்டியதில்லை. பல்லை நகர்த்துவது லேசான, விடாத விசை. கம்பி ஒரு பல்லுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சில பத்து கிராம், மிஞ்சினால் நூறு கிராமுக்குப் பக்கம். அந்த மெல்லிய தள்ளலில் ஒரு பக்கத்து எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற வேகம். கடைவாய்ப்பற்களை இறுக்கிக் கடித்தால் வரும் விசையோ பல கிலோ. அவ்வப்போது வந்து போகும் அந்த விசை பல்லின் பயணத்தைச் சாதாரணமாக நிறுத்திவிடுவதில்லை.

கெடுதல் வேறு வழியில் வருகிறது. ஒட்டிய பிராக்கெட் கழல்கிறது. ஒவ்வொரு தடவை கழலும்போதும் அந்தப் பல் நின்ற இடத்தில் நிற்கும், அல்லது கொஞ்சம் திரும்பிப் போகும், மாதக் கணக்கு நீளும். பல் நிறத்தில் இருக்கட்டும் என்று பீங்கான் பிராக்கெட் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது பல்லின் எனாமலைவிடக் கடினமானது. எதிர்ப்பல் அதில் உரசிக்கொண்டே இருந்தால் தேய்வது பல்தான். கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற அலைனர் போட்டவர்களும் தப்பவில்லை. மெத்தென்று இருக்கிறதே என்று அதைக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குச் சில சமயம் கடைவாய்ப்பற்கள் உள்ளே அமுங்கி, பின்பக்கம் கடி விலகிப்போவது உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே வலி. கம்பியை டைட் பண்ணிய சில மணி நேரத்தில் பல்லில் வலி தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணியும். அது சிகிச்சையோடு வருகிற வலி. காதுக்கு முன்னால், கன்னத்தில், நெற்றிப்பொட்டில், மாலையானால் கூடும் வலி வேறு. அது தசையின் களைப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, 'கம்பி போட்டா வலிக்கத்தான் செய்யும்' என்று மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். மூன்று மாதம் நான் செய்தது அதுதான்.

மகள் வாயை அன்றைக்கு டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். நாக்கின் இரு ஓரமும் கடித்த பிஸ்கட் விளிம்பு போல அலையலையாக இருந்தது. பற்களின் அச்சு. கன்னத்தின் உட்புறம், பற்கள் சேரும் உயரத்தில், நூல் பிடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. இந்த இரண்டும் எல்லோருக்கும் பல் கடிப்பதற்கான நிச்சய அடையாளம் அல்ல. ஆனால் கன்ன வலியோடு சேர்ந்து வந்தால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வைக்கும்.

இரவுக்கு வேறு கணக்கு

பல் கடிப்பதற்கு 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் விழிப்பில் நடப்பதையும் தூக்கத்தில் நடப்பதையும் தனித்தனியாக வைத்தார்கள். தூக்கத்தில் அரைப்பது நம் கையில் இல்லை. விழிப்பில் செய்வது பழக்கம், மாற்றலாம். பல் படாமலே தாடையை விறைத்து வைத்திருப்பதும் இந்தக் கணக்கில் வரும் என்று அதில் சொல்லியிருப்பது எனக்குப் புதிது. பைக் ஓட்டும்போது நெரிசலில் நம் தாடை எப்படி நிற்கிறது என்று ஒருநாள் கவனியுங்கள்.

இரவில் சத்தம் வரும்படி அரைக்கும் பிள்ளை, காலையில் தாடை கனத்து எழும் பிள்ளை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குறட்டையும் சேர்ந்திருந்தால் கட்டாயம். கடையில் விற்கும் நைட் கார்டை வாங்கி மாட்டிவிடக் கூடாது. கம்பியில் பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் இன்றைக்குப் பொருந்தும் கார்டு அடுத்த மாதம் பொருந்தாது, பல் போக வேண்டிய வழியையும் மறிக்கும்.

நான்... நாம்...

சரி, பகலில் என்ன செய்வது? 'பல்லைக் கடிக்காதே' என்று சொன்னால் பிள்ளை கடிக்காமல் இருக்காது. 'கடிக்காதே' என்று கேட்டதுமே தாடை விறைக்கும். எங்கே வைக்க வேண்டும் என்று காட்டித்தர வேண்டும். ஆங்கிலத்தில் 'என்' என்ற எழுத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். நமக்குத் தமிழிலேயே வழி இருக்கிறது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்கிறது. நாக்கின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தொடும்போது 'ன்' பிறக்கிறது. இரண்டு உதடும் கூடும்போது 'ம்' பிறக்கிறது. இரண்டுக்கும் பல்லைச் சேர்க்கத் தேவையில்லை.

இப்போது 'நான்' என்று சொல்லி, கடைசி எழுத்தில் நிறுத்துங்கள். நாக்கு நுனி எங்கே நிற்கிறது? முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில். அதை அங்கேயே விட்டு, 'நாம்' என்று சொல்லி முடிப்பதுபோல் உதடுகளை மூடுங்கள். ம்... பற்கள் விலகியே இருக்கின்றன, கவனித்தீர்களா? மூக்கால் ஒரு மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துங்கள். அதுதான் இடம்.

இதை மகளுக்கு நான் சொல்லித்தரவில்லை, இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். சின்ன வயதில் அவள் கதை கேட்கும்போது 'ம்' கொட்டினால்தான் அவள் பாட்டி அடுத்த வரிக்குப் போவார். அந்த 'ம்'தான். உதடு மூடியிருக்கும், பல் திறந்திருக்கும், காது கேட்டுக்கொண்டிருக்கும்.

இடம் தெரிந்தால் போதாது, நினைவு வர வேண்டும். ஜப்பானில் வீட்டில் கண்ணில் படும் இடங்களில் சீட்டு ஒட்டி வைப்பார்கள். சீட்டைப் பார்த்ததும் பல்லை விலக்கி மூச்சு விட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ஸ்டிக்கர் பொட்டு. மேஜை விளக்கில் ஒன்று, போனின் பின்பக்கம் ஒன்று, கண்ணாடியில், கணக்கு நோட்டு அட்டையில், ஸ்கூட்டியின் கண்ணாடி ஓரத்தில் என்று ஏழு பொட்டு. பார்க்கும்போதெல்லாம் 'ம்'. முதல் இரண்டு நாள், பார்த்த ஒவ்வொரு தடவையும் பல் ஒட்டியே இருந்தது என்று அழும் குரலில் சொன்னாள். அது தோல்வியில்லை, இதுவரை தெரியாமல் இருந்தது தெரிய வந்தது. மூன்றாவது வாரத்தில் கன்ன வலி குறைந்தது. கீழ் பிராக்கெட் அதன் பிறகு கழலவில்லை.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பல்லை விலக்குகிறேன் என்று தாடையைக் கீழே இழுத்துப் பிடிக்கக் கூடாது, அதுவும் விறைப்புதான். நாக்கை அண்ணத்தில் பலமாக அழுத்தவும் கூடாது. முகவெட்டு மாறும் என்று சொல்லி 'மியூயிங்' என்ற பெயரில் பிள்ளைகள் வீடியோ பார்த்துச் செய்யும் அழுத்தலுக்குப் போதிய மருத்துவ ஆதாரம் இல்லை. இங்கே நாக்குக்கு வேலை கொடுக்கச் சொல்லவில்லை, ஓய்வு கொடுக்கச் சொல்கிறோம். எப்போதும் மூக்கடைத்து வாயால் மூச்சு விடும் பிள்ளையால் உதட்டை மூட முடியாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மூக்கை.

சூயிங்கம், நகம் கடிப்பது, பேனா மூடியை மெல்வது, தாடையில் கை ஊன்றிப் படிப்பது எல்லாம் இந்த நாட்களில் வேண்டாம். கன்னம் வலித்தால் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் இதம் தரும். வாய் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்கவில்லை, திறந்த வாய் மூட மாட்டேன் என்கிறது, காதுக்கு முன்னால் வலி ஒரு வாரத்தைத் தாண்டியும் போகவில்லை, ஒரு பல் மட்டும் வழக்கத்துக்கு மீறி ஆடுகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். வலியில்லாமல் தாடையில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் சொல்லி வையுங்கள்.

கம்பி கட்டிய முதல் நாள் இரவு மகள் வலியில் அழுதபோது, 'கொஞ்ச நாள்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோ' என்றேன். நம் வாயில் வாட்டமாக வந்து விழும் வார்த்தை. அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள். அந்த வார்த்தையை இப்போது வீட்டில் நாங்கள் சொல்வதில்லை.

பல்லுக்கு முழுப் பொருத்தம் சிகிச்சையின் கடைசி மாதங்களில்தான் வரும். அதற்கு முன் பிள்ளை எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது, தேடவும் வேண்டாம். இதை யாராவது முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

பல் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பி கட்டி முடித்ததும் ஒரு தாள் கொடுக்கிறீர்கள். முறுக்கு வேண்டாம், கரும்பு வேண்டாம், கடலை மிட்டாய் வேண்டாம், ஐஸ் கட்டியைக் கடிக்க வேண்டாம், சாப்பிட்டதும் பிரஷ் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லாம் சரி. அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: 'சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது.' படித்துக் காட்டி, அந்த நாற்காலியிலேயே பிள்ளையை ஒரு தடவை 'ம்' சொல்ல வைத்து அனுப்புங்கள்.